வில்லியம் பராக் (1824–1903): கொரண்டர்க் நிலத்துக்காக மந்திரியைப் பார்க்க நடந்தவர்

#1 வடக்குவாசல்

மெல்பர்ன் பற்றிய இன்னொரு இழையில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு முதியவரின் பழைய புகைப்படத்தைப் போட்டு, "யாரா ஆற்றுப் பூர்வகுடிகளின் கடைசி மன்னர்" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு வந்த பதில்கள் எல்லாம் "பாவம்", "அழிந்துபோன இனம்" என்ற ரகம். படத்தில் இருப்பவர் வில்லியம் பராக். பரிதாபப்பட்டுவிட்டுக் கடந்துபோகக்கூடிய ஆள் இல்லை அவர். அதனால்தான் இந்தத் தனி இழை.

பிறப்பு 1824 வாக்கில், இன்றைய மெல்பர்னுக்குக் கிழக்கே பிரஷ்ஷி ஓடைப் பக்கம். பெயர் பெருக். "கூலின்" என்ற பூர்வகுடிக் கூட்டங்களில் வோய்வுருங் மொழி பேசிய வுருன்ஜெரி குலம். அப்போது மெல்பர்ன் என்ற ஊரே கிடையாது.

1835 ஜூனில் ஜான் பேட்மன் என்ற வெள்ளைக்காரர் வந்து, போர்வை, கத்தி, கைக்கோடாரி, கண்ணாடி, மாவு என்று சிலவற்றைக் கொடுத்து, சுமார் 6 லட்சம் ஏக்கரை "வாங்கினேன்" என்று பத்திரம் எழுதிக்கொண்டார். அந்தச் சந்திப்பின்போது சிறுவன் பராக்கும் அங்கே இருந்தார். பத்திரத்தில் பெயர் உள்ள தலைவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. இரண்டு மாதம் கழித்து ஆளுநர் பூர்க் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார். பூர்வகுடிகளை ஏமாற்றிவிட்டார்கள் என்பது காரணம் இல்லை. நிலம் ஏற்கெனவே பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம், அதை விற்கும் உரிமை இவர்களுக்கு ஏது என்பதுதான் காரணம்.

அந்த நாட்களைப் பற்றிப் பராக் முதுமையில் சொல்லி எழுதவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. தப்பி ஓடி 30 வருடத்துக்கு மேல் பூர்வகுடிகளோடு வாழ்ந்த பக்லி என்ற கைதி அவர்களுக்குச் சொன்ன புத்திமதி அதில் வருகிறது. காலியான குடிசையில் ரொட்டி இருந்தாலும் தொடாதீர்கள், வெளியே உட்கார்ந்து ஆள் வரும்வரை காத்திருங்கள், ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றால் உங்களைக் கங்காருவைச் சுடுவதுபோலச் சுடுவார்கள் என்று. பதினோரு வயதுப் பையன் கேட்டது கடைசிவரை ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

1837 முதல் 1839 வரை யாரா கரையில் இருந்த மிஷன் பள்ளியில் கொஞ்சம் படிப்பு. 1844-இல் பூர்வகுடி போலீஸ் படை. அப்புறம் ஆட்டுமந்தை, பண்ணை வேலை. அதற்குள் ஆடு மேய்ப்பவர்கள் வந்து நிலத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள், நோயும் பசியும் மக்களைத் தின்றுவிட்டன.

கொரண்டர்க் கதை 1859-இல் தொடங்குகிறது. பராக்கின் சொந்தக்காரர் சைமன் வாங்கா, ங்குருங்கேட்டா என்று அவர்கள் சொல்லும் தலைவர். டவுங்குருங் என்ற இன்னொரு கூலின் கூட்டத்து ஆட்களோடு அதிகாரியிடம் போய், எங்களுக்குப் பயிர் வைக்க நிலம் வேண்டும் என்று அவர் கேட்டார். அக்கரான் ஆற்றோரம் இடம் கிடைத்தது. உழுது விதைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எதிர்த்ததும் அவர்களை வேறொரு மோசமான இடத்துக்கு மாற்றினார்கள். அதோடு சோர்ந்துபோய் உட்காரவில்லை. 1863 தொடக்கத்தில் வாங்காவும் பராக்கும் சுமார் 40 பேரை அழைத்துக்கொண்டு, பிளாக் ஸ்பர் மலையைத் தாண்டி, இன்றைய ஹீல்ஸ்வில் அருகே தாங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் முகாம் போட்டார்கள். அதுதான் கொரண்டர்க். அதே வருடம் மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாள். மெல்பர்னில் ஆளுநர் பார்க்லியின் வரவேற்பு. அங்கே நேரில் போய் அரசிக்கும் இளவரசருக்கும் ஆயுதங்களும் பெண்கள் முடைந்த பொருட்களும் பரிசாகக் கொடுத்தார்கள். ஜூன் 30-இல் 2,300 ஏக்கர் ஒதுக்கி அரசிதழ் அறிவிப்பு வந்தது. 1866-இல் அது 4,850 ஏக்கராக விரிந்தது.

பரிசு கொடுத்தோம், அரசி நிலம் கொடுத்தாள், இது இரு தரப்புக்கும் நடுவே ஆன காரியம் என்றுதான் கொரண்டர்க் மக்கள் கடைசிவரை சொன்னார்கள். அரசாங்கம் அதை ஒரு சலுகையாகத்தான் பார்த்தது. அடுத்த 60 வருடச் சண்டை முழுக்க இந்த வேறுபாட்டில்தான்.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

#2 சும்மாஇரு

நீளம் பார்த்துப் பயந்தேன். படித்துவிட்டேன். அடுத்தது எங்கே?

#3 கரிசல்

எழுத்து நன்றாக இருக்கிறது வடக்குவாசல், ஆனால் நீங்கள் வேகமாகத் தாண்டிய ஒரு இடத்தில் நான் நிற்கிறேன். "பூர்வகுடி போலீஸ் படை" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்தப் படை எதற்கு உருவானது? மற்ற பூர்வகுடிக் கூட்டங்களை அடக்க. இதில் சேர்ந்தார், மிஷன் பள்ளியில் படித்தார், கிறிஸ்தவரானார், அரசிக்குப் பரிசு அனுப்பினார். அதாவது வந்தவன் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, இவருக்குப் பாலம், நினைவுத்தூண். எனக்கு இது உறுத்துகிறது.

#4 தமிழினி_ஆஸி

கரிசல் அண்ணா, சண்டை போட வேண்டிய காலத்தில் அவருக்குப் பதினொரு வயது. அதையும் கணக்கில் வையுங்கள் :)

#5 வடக்குவாசல்

கரிசல், கேட்க வேண்டிய கேள்விதான்.

போலீஸ் படை 1842-இல் கேப்டன் டானா என்பவர் தலைமையில் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் பில்லிபெல்லரி, சைமன் வாங்காவின் அப்பா. சின்ன ஆள் இல்லை. வில்லியம் மலையில் பச்சைக்கல் வெட்டிக் கோடாரி செய்யும் பெரிய குவாரி ஒன்று இருந்தது. அந்தக் கல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் பண்டமாற்றாகப் போகும். அதைக் காக்கும் உரிமை அவர் குடும்பத்துடையது. அப்பேர்ப்பட்ட மனிதரே முதலில் படைக்கு ஆதரவு கொடுத்து, தங்களைப் பிற பூர்வகுடிகள் மேல் ஏவப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பின்வாங்கினார். சீருடை, குதிரை, துப்பாக்கி, சாப்பாடு. 1840-களில் அந்த மக்களுக்கு முன்னால் இருந்த வழிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், ஒரு கை விரல்கள் மிச்சமாகும். பராக் சேர்ந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வேலை அவருக்கு எதைக் காட்டியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். உத்தரவு எங்கிருந்து வருகிறது, எழுதின காகிதத்துக்கு என்ன பலம், யாருக்கு மேலே யார் என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்தார். பின்னால் அவர் செய்த அரசியலைப் பார்த்தால் அந்தப் பாடம் வீணாகவில்லை.

சரி, கொரண்டர்க்.

முதல் நிர்வாகி ஜான் கிரீன், ஸ்காட்லாந்துக்காரர், பாதிரி மாதிரி. இந்த ஆளிடம் ஒரு நல்ல குணம். நிர்வாகம் பண்ண வேண்டிய இடத்தில் மக்களையே பண்ணவிட்டார். தகராறு வந்தால் அவர்களே கூடித் தீர்ப்பு சொல்லும் பஞ்சாயத்து நடந்தது. வீடு கட்டினார்கள், கோதுமை, காய்கறி, கால்நடை. 1870-களின் தொடக்கத்தில் ஹாப்ஸ் கொடி போட்டார்கள். பீருக்குக் கசப்பு கொடுக்குமே, அதுதான். நல்ல விளைச்சல், நல்ல விலை. 1881-இல் மெல்பர்ன் சர்வதேசக் கண்காட்சியில் கொரண்டர்க் ஹாப்ஸுக்கு முதல் பரிசு.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. 1869 சட்டப்படி பூர்வகுடிகள் எங்கே தங்குவது, என்ன வேலை, என்ன கூலி, பிள்ளைகள் யார் பொறுப்பில் என்பது வரைக்கும் "பாதுகாப்பு வாரியம்" என்ற ஒன்றின் கையில். ஹாப்ஸ் காசு வாரியத்துக்குப் போனது. உழைத்தவர்கள் தங்கள் காசில் இறைச்சி வாங்கித் தின்ன வேண்டியிருந்தது. நிலம் விளைகிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அதன்மேல் கண். வாரியத்திலேயே பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். "இந்த இடம் குளிர், மார்புநோய் வருகிறது, உங்களை மரே ஆற்றுப் பக்கம் அனுப்பினால் உடம்புக்கு நல்லது" என்று ஆரம்பித்தார்கள். இடமாற்றத்துக்கு ஒத்துவராத கிரீனை 1874-இல் வெளியேற்றினார்கள். அதே வருடம் வாங்கா இறந்தார். தலைமை பராக்கிடம் வந்தது.

மரே ஆற்றுப் பக்கம் போகச் சொன்னதற்கு அவர் சொன்ன பதில் பிரபலமானது. நான் போகமாட்டேன், யாரா என் அப்பாவின் நாடு, மரே பக்கம் எனக்கென்று மலை ஒன்றும் கிடையாது என்றார்.

#6 நெய்தல்

"எனக்கென்று மலை கிடையாது." நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசுகிறவனுக்கு இந்தப் பதில் புரிந்திருக்குமா?

#7 பழையபேப்பர்

புரியவில்லை என்பதற்கு அத்தாட்சியே இருக்கிறது நெய்தல் அக்கா. 1881 விசாரணையில் எட்வர்ட் கர் என்ற வாரிய உறுப்பினரைக் கூப்பிட்டு, அவர்கள் விருப்பத்துக்கு மாறாக இடம் மாற்றுவது சரியா என்று கேட்டார்கள். கிணற்று ஓரத்தில் ஒரு குழந்தை விளையாடினால், அது அழுதாலும் தூக்கி இந்தப் பக்கம் விடத்தானே வேண்டும் என்று பதில் சொன்னார் கர். அந்தக் "குழந்தை" பராக்குக்கு அப்போது ஐம்பத்தேழு வயது இருக்கும்.

இந்தக் கர் சாதாரண ஆள் இல்லை. 1840-களில் மரே, கோல்பர்ன் ஆறுகளின் பக்கம் பூர்வகுடி நிலத்தில் ஆடு மேய்த்தவர், பின்னால் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் வருவார்.

வடக்குவாசல், மனு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

#8 வடக்குவாசல்

எழுதுகிறேன், இந்த இழையை நான் தொடங்கியதே அதற்காகத்தான்.

பராக்குக்கு எழுத வராது. ஆனால் கொரண்டர்க் பள்ளியில் படித்த இளைஞர்கள் இருந்தார்கள். தாமஸ் டனல்லி அழகாக எழுதுவார். பராக்கின் சகோதரி மகன் ராபர்ட் வாண்டின், டவுங்குருங்காரர் தாமஸ் பாம்ஃபீல்ட் என்று ஒரு சின்னக் குழு. பெரியவர் சொல்வார், இளையவர் எழுதுவார், எல்லோரும் கையெழுத்தோ கீறலோ போடுவார்கள். காகிதம் மந்திரிக்கும் போகும், மெல்பர்ன் செய்தித்தாளுக்கும் போகும். கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் ஆட்கள் நடந்தே கிளம்பிவிடுவார்கள். கொரண்டர்க்கிலிருந்து மெல்பர்ன் சுமார் 60 கிலோமீட்டர்.

1881 மார்ச்சில் அப்படி ஒரு நடை. விக்டோரியா காலனியின் முதல்வர் கிரஹாம் பெரியை நேரில் பார்த்து முறையிட்டார்கள். அந்தக் காலத்து மனுக்களில் ஒன்று சொல்வதைச் சுருக்கித் தருகிறேன். வாரியமும் அதன் ஆய்வாளர் கேப்டன் பேஜும் இனி எங்களுக்கு மேலே வேண்டாம். எங்களுக்கு வேண்டியவர் ஜான் கிரீன் ஒருவர்தான். கொரண்டர்க் நிலையம் நேரடியாக முதன்மைச் செயலர் என்ற அமைச்சரின் கீழ் இருக்கட்டும். அப்போது இந்த நிலையம் தன் காலில் நிற்கும் என்று நாட்டுக்குக் காட்டுவோம்.

கவனியுங்கள், இதில் கெஞ்சல் கிடையாது. எந்த அதிகாரியை எடுக்க வேண்டும், யாரை வைக்க வேண்டும், எந்தத் துறையின் கீழ் வர வேண்டும் என்று ஒரு நிர்வாகத் திட்டமே இருக்கிறது. பின்னாளில் அவரைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தப் பராக் தேவைப்படவில்லை. தாடி வைத்த "மன்னர்" போதும்.

அந்த நடையின் பலன், அந்த வருடமே அரசு விசாரணை. குழுவில் ஆன் பான் என்ற பெண்மணியும் இருந்தார். பண்ணை வைத்திருந்த ஸ்காட்லாந்து விதவை, இவர்களுக்கு நீண்டகால ஆதரவாளர். கொரண்டர்க் மக்களில் இருபது பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். கூலி, இறைச்சி, போர்வை, ஒழுகும் வீடு, எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் அரசு விசாரணையில் பூர்வகுடிகள் இத்தனை பேர் உட்கார்ந்து அதிகாரிகள்மேல் குற்றம் சொல்லி, அது அச்சில் வந்தது என்பது பெரிய விஷயம். விளைவு, 1884-இல் பெரி முதன்மைச் செயலராக இருந்தபோது கொரண்டர்க் நிரந்தர ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. ஜெயித்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் பராக்கின் ஒரே மகன் டேவிட் மார்புநோயில் போனான். முதல் மனைவிக்குப் பிறந்த குழந்தைகள் சிறுவயதிலேயே போய்விட்டன. இவன் ஒருவன்தான் வளர்ந்தவன். நோய்ப்பட்ட பையனை அழைத்துக்கொண்டு மெல்பர்னில் ஆன் பான் வீடு வரைக்கும் போனார் பராக். பிழைக்கவில்லை.

#9 சும்மாஇரு

ஜெயித்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் ஏதோ வரப்போகிறது.

#10 வடக்குவாசல்

வருகிறது. 1886.

அந்த வருடம் விக்டோரியா காலனி ஒரு சட்டம் போட்டது. கலப்பு வம்சாவளி உள்ளவர்களில் 34 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நிலையங்களை விட்டு வெளியேற வேண்டும். அவர்கள் இனி "பூர்வகுடி" இல்லையாம், வெள்ளைச் சமூகத்தில் கலந்துவிட வேண்டுமாம். மேலே பார்த்தால் விடுதலை மாதிரி இருக்கும். கொரண்டர்க்கில் மண்வெட்டி பிடிக்கிற வயதுக்காரர்கள், மனு எழுதுகிற படித்தவர்கள் பெரும்பாலும் அந்த வகைதான். அவர்களைத் துரத்தியதும் மிச்சம் கிழவர்களும் நோயாளிகளும். வேலைக்கு ஆள் இல்லாததால் விளைச்சல் படுத்தது. ஆள் குறைந்ததால் "இத்தனை பேருக்கு இவ்வளவு நிலம் எதற்கு" என்று கேள்வி எழுந்தது. 1893-இல் பாதி நிலத்தை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 1884-இல் கொடுத்த நிரந்தரத்தின் ஆயுள் 9 வருடம்.

அந்த 1886-லும் அவர்கள் மனு போட்டார்கள். ரோமம் கத்தரிக்கவும் அறுவடைக்கும் வெளியே போய், நினைத்தபோது வீடு திரும்பும் சுதந்திரம் வேண்டும், வெள்ளைக்காரர்களைப் போல நாங்களும் சுதந்திரமாக இருக்க வேண்டும், நாங்கள் கொஞ்சப் பேர்தான் மிஞ்சியிருக்கிறோம், இந்தக் கடைசிக் காலத்தில் வாரியத்துக்கு எங்கள்மேல் இன்னும் கூடுதல் அதிகாரம் எதற்கு என்று கேட்டிருந்தார்கள்.

#11 கரிசல்

இந்தச் சங்கிலி எனக்குத் தெரியாது. ஆளைக் குறை, பிறகு ஆள் குறைவு என்று சொல்லி நிலத்தை எடு. திட்டம் போட்டுத்தான் செய்தார்களா, தானாக அப்படி அமைந்ததா?

#12 பழையபேப்பர்

செலவைக் குறைப்பதும் நிலையங்களை ஒவ்வொன்றாக மூடுவதும் வாரியத்தின் வெளிப்படையான நோக்கம், ஒளித்து வைக்கவில்லை. கொரண்டர்க் தகராறு அவர்களுக்குத் தலைவலியாக இருந்த நேரம், படித்த இளைஞர்களை வெளியே தள்ளும் சட்டம் வந்தது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

#13 மட்டுறுத்துநர்

நீலகிரி நில உரிமை பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நல்ல பேச்சுதான், அங்கே தொடருங்கள்.

#14 நெய்தல்

ஓவியத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குப் பராக் அறிமுகமானது அந்த வழியில்தான்.

1880-களிலிருந்து இறக்கும்வரை வரைந்திருக்கிறார். சுமார் 50 படைப்புகள் மிஞ்சியிருக்கின்றன. காகிதத்திலும் அட்டையிலும் பென்சில், கரி, காவி மண், கடையில் வாங்கின நீர்வண்ணம் எல்லாம் கலந்து. பெரும்பாலும் கூத்துச் சடங்கு. மேலே வரிசையாக ஆடும் ஆண்கள், நடுவில் நெருப்பு, கீழே போஸம் என்ற சின்ன விலங்கின் தோல் போர்வை போர்த்தி உட்கார்ந்து தாளம் போடும் பெண்கள். போர்வைகளைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் கட்டம், சாய்கோடு, வளைகோடு என்று வேறு வேறு வடிவம், ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. அவர் வரைந்த காலத்தில் அந்த மக்கள் அரசு கொடுத்த கம்பளிப் போர்வைக்கு மாறி வெகுநாள் ஆகிவிட்டது. நிலையத்தில் அந்தச் சடங்குகளுக்கு ஆதரவும் இல்லை.

வெள்ளைக்காரனோ வேலியோ ஆடோ இந்தப் படங்களில் கிட்டத்தட்ட எங்கேயுமே கிடையாது. ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும். பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய டி பியூரி குடும்பத்தவர், அவருடைய தோட்டத்தை வரைந்திருக்கிறார். அது இப்போது சுவிஸ் அருங்காட்சியகத்தில்.

"இழந்த உலகத்துக்கு ஏங்கும் கிழவர்" என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆல்ஃபிரட் ஹோவிட் என்ற ஆய்வாளர் வந்து கேட்டபோது யாருக்கு எந்த நிலம், யார் யாரைக் கட்டலாம், எந்தக் குலம் எந்தப் பக்கம் என்று மணிக்கணக்கில் சொன்னவர் இவர். பாட்டும் பாடிக் காட்டினார். 1887-இல் டாரன்ஸ் என்பவர் அதை மேற்கத்திய இசைக்குறிப்பாக எழுதி வெளியிட்டார். விவரங்களை ஒழுங்காக ஒப்படைக்கும் மனிதர். ஓவியமும் எனக்கு அந்த வகைச் சாட்சியமாகத்தான் தெரிகிறது.

#15 தமிழினி_ஆஸி

நெய்தல் அக்கா, 2022 ஏலம் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சுவிஸ் குடும்ப வாரிசுகள் வழியாக 1897-இல் வரைந்த ஒரு ஓவியமும் அவர் செதுக்கிய ஒரு கேடயமும் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. வுருன்ஜெரி அமைப்பு இணையத்தில் பொதுமக்களிடம் காசு திரட்டியது. விக்டோரியா அரசு கடைசி நேரத்தில் 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. இரண்டையும் வாங்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். தங்கள் தாத்தா நட்புக்காகக் கொடுத்ததை ஏலத்தில் விலை கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

அப்புறம் பாலம். கிரிக்கெட் மைதானத்துக்குப் போகும் நடைபாலம், 2005-இல் திறந்தது, 2006 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டினார்கள். இங்கே இருக்கிற நம் ஆட்களில் பாதிப்பேர் இந்தியா ஆடும் மேட்சுக்கு அதில் நடந்திருப்பார்கள், யார் பெயர் என்று தெரியாமல்.

கோபுரம்தான் சர்ச்சை. ஸ்வான்ஸ்டன் தெருக்கோடியில் 32 மாடி அடுக்ககம், 2015-இல் முடிந்தது. பால்கனித் தகடுகளை வளைத்து வளைத்துப் பராக்கின் முகம் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் வெள்ளைத் தகடு, தூரத்திலிருந்து பார்த்தால் முகம். நிலத்துக்காக வாழ்நாள் முழுக்க அலைந்தவர் முகத்தை மனை வியாபாரத்துக்கு முகப்பாக ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வுருன்ஜெரி பெரியவர்களிடம் கேட்டுத்தான் செய்தோம் என்கிறார்கள் கட்டினவர்கள். ஊரில் எங்கிருந்தும் தெரிகிறதே, அது போதும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. குழந்தைகள் "அது யார்" என்று கேட்கிறார்கள்.

#16 கரிசல்

முகத்தைக் கொடுத்தார்கள், வாடகையில் பங்கு கொடுத்தார்களா?

#17 சும்மாஇரு

கூகுளில் தேடினேன். அந்தக் கட்டடம் நிற்கிற இடம் பழைய கார்ல்டன் பீர் ஆலையாம். ஹாப்ஸ் போட்டு முதல் பரிசு வாங்கினவருக்கு பீர் ஆலை மனையில் முகம். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

#18 பழையபேப்பர்

கண்காட்சிக் கட்டடத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. 1881-இல் கொரண்டர்க் ஹாப்ஸ் பரிசு வாங்கிய கண்காட்சி நடந்த அதே மண்டபத்தில்தான் 1901 மே 9 அன்று ஆஸ்திரேலியக் கூட்டரசின் முதல் நாடாளுமன்றம் தொடங்கியது. பராக் அப்போது உயிரோடு, ஹீல்ஸ்வில்லில், சுற்றுலா வந்தவர்களுக்கு பூமராங் வீசிக் காட்டிக்கொண்டு. 1889-இல் ரயில் வந்துவிட்டதால் கூட்டம் தாராளமாக வரும்.

புதிய நாட்டின் அரசியல் சட்டம் 127-ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. 1902 வாக்குரிமைச் சட்டம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டு, ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடிகளை விலக்கியது. நியூசிலாந்துப் பூர்வகுடிகளை மட்டும் விலக்கவில்லை. மாநில வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஒரு சின்ன ஓட்டை வைத்திருந்தார்கள்.

"ஆசியா" என்றால் நாமும்தான். அங்கே குடியேறியிருந்த இந்தியர்களுக்கும் ஓட்டு இல்லை. 1922-இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றி இதற்காகப் பேசினார். 1925-இல் சட்டம் திருத்தப்பட்டு பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஓட்டு வந்தது. பூர்வகுடிகள் எல்லோருக்கும் கூட்டரசுத் தேர்தலில் ஓட்டு வர 1962 ஆயிற்று. 127-ஐ நீக்கியது 1967 வாக்கெடுப்பு, 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. சாஸ்திரியாரின் வெற்றியை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லலாம். அந்த நிலத்துக்காரருக்கு முன்னால் 37 வருடம் வரிசை தாண்டியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

#19 தமிழினி_ஆஸி

சாஸ்திரி விஷயம் எனக்குப் புதிது. நன்றி ஐயா.

#20 சும்மாஇரு

பராக் எப்போது இறந்தார்? அப்புறம் கொரண்டர்க் என்ன ஆயிற்று? வடக்குவாசல் தூங்கிவிட்டார் போல.

#21 வடக்குவாசல்

தூங்கவில்லை, வேலை.

1903 ஆகஸ்ட் 15-இல் கொரண்டர்க்கிலேயே இறந்தார், அங்கேயே கல்லறை. 1924-இல் நிலையத்தை மூடி, பெரும்பாலானோரைத் தூரத்தில் இருந்த லேக் டயர்ஸ் என்ற இன்னொரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். சில முதியவர்கள் மட்டும் நகர மறுத்து அங்கேயே இருந்துவிட்டார்கள். 1948-இல் மிச்ச நிலமும் போரிலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியமர்த்தப் போனது. அதே போரில் சண்டையிட்ட கொரண்டர்க் குடும்பத்து ஆட்களுக்கு அதில் இடம் இல்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் தப்பியது.

ஆன் பான் ஏற்பாட்டில் 1934-இல் ஹீல்ஸ்வில்லில் பராக்குக்குப் பளிங்கு நினைவுத்தூண் வைத்தார்கள். அதை யாரோ சேதப்படுத்த, 1955-இல் கல்லறைத் தோட்டத்துக்கே மாற்றினார்கள். 1999-இல் பழைய கொரண்டர்க்கில் சுமார் 200 ஏக்கரை விலைக்கு வாங்கி, வழிவந்தவர்களிடம் ஒப்படைத்தார்கள். பராக்குக்கு நேர் வாரிசு இல்லை. ஆனால் அவர் சகோதரி வழி வாண்டின் குடும்பம் பெரியது, "கடைசி" என்று அச்சடித்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: லில்லிடேல் வரை ரயில், அங்கிருந்து ஹீல்ஸ்வில்லுக்குப் பேருந்து. கல்லறைத் தோட்டம் வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை, முன்கூட்டி வுருன்ஜெரி அமைப்பிடம் கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

#22 கரிசல்

எல்லாம் சரி. ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. மனு எழுதுவது, கோட்டுப் போட்டுக்கொண்டு மந்திரியைப் பார்ப்பது, பைபிள், கோதுமை. இத்தனையும் ஏற்றுக்கொண்ட பிறகு "நான் இந்த நிலத்தின் ஆள்" என்று சொல்வதில் என்ன மிச்சம் இருக்கிறது?

#23 பழையபேப்பர்

கரிசல், இந்தக் கேள்வியை ஒரு நீதிபதியும் கேட்டிருக்கிறார். எட்வர்ட் கர் திரும்ப வருவார் என்றேனே, இங்கேதான்.

மரே ஆற்றுப் பக்கத்து யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994-இல் நில உரிமை கேட்டு மனு போட்டார்கள். பராக்கின் மக்கள் இல்லை, வேறு கூட்டம். 1998-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி ஓல்னி தள்ளுபடி செய்தார். வரலாற்றின் அலை இவர்களுடைய மரபுத் தொடர்பை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது தீர்ப்பின் சாரம். மரபு எப்படி இருந்தது என்பதற்கு அவர் அதிகம் நம்பியது யாரை? அதே கர் எழுதிய புத்தகத்தை. கிணற்றுக் குழந்தை உதாரணம் சொன்னாரே, அவரை. நேரில் வந்து சாட்சி சொன்ன பெரியவர்களின் வாய்மொழிக்கு அந்த எடை கிடைக்கவில்லை.

தொடர்பு அறுந்ததற்கு இன்னொரு ஆதாரமாக அவர் எடுத்தது 1881-இல் மலோகா மிஷனில் இருந்த 42 பூர்வகுடிகள் ஆளுநருக்கு எழுதிய மனு. எங்கள் நிலம் எல்லாம் போய்விட்டது, பயிர் வைத்துப் பிழைக்கக் கொஞ்சம் நிலம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கொரண்டர்க்காரர்கள் மெல்பர்னுக்கு நடந்த அதே வருடம். நிலம் கேட்டு எழுதிய காகிதமே, நூறு வருடம் கழித்து, அந்த நிலத்தோடு உங்களுக்கு மரபுத் தொடர்பு இல்லை என்பதற்கு ஆதாரமாயிற்று. 2002-இல் ஆஸ்திரேலியாவின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை, ஐந்துக்கு இரண்டு.

#24 கரிசல்

அந்தத் தீர்ப்பின் முழு வடிவம் எங்கே கிடைக்கும்? மனுவின் வாசகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

#25 பழையபேப்பர்

இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தனிமடலில் அனுப்புகிறேன். முதலில் மனுவைப் படியுங்கள். தீர்ப்பு நீளம், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.